வரிசையைக் கலைத்த பெயர்

போன செவ்வாய்க்கிழமை விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். மீன் வாங்க அல்ல... திட்டு வாங்க.

கழக்கூட்டம் என்ற ஊரில் என் ஆபீஸ். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்கிறோம். அடிக்கடி தேவைப்படும் சின்ன வேலைகளுக்கு ரெடிமேட் கட்டளைகள் எழுதி, பெயர் வைப்பது என் பொறுப்பு. அதில் ஒன்று 'சார்ட்' (sort) — பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்.

இதற்கு இரண்டு பெயர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். அசல் பட்டியலையே மாற்றி அடுக்க ஒன்று. அசலைத் தொடாமல், அடுக்கிய நகலைத் தர இன்னொன்று.

மேனேஜர் சங்கரன் சார் திருநெல்வேலிக்காரர். சிரித்தார். "ஒரு காரியத்துக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு? சிம்பிளா இருக்கட்டும். இதுக்கெல்லாம் யோசிக்க நேரம் இல்ல."

சிம்பிளாகத்தான் இருந்தது. அசலையே மாற்றியது.

விழிஞ்ஞத்தில் ஒரு படகுச் சங்கம், படகுகள் வந்த வரிசையைப் பதிந்து மீன் ஏலம் நடத்த எங்கள் மொழியில் புரோகிராம் எழுதி வாங்கியிருந்தது. முதலில் கரை சேரும் படகுக்கு முதல் ஏலம். பெயர் தேட வசதியாக இருக்கட்டுமே என்று, எழுதியவர் 'சார்ட்' போட்டிருக்கிறார். திரையில் மட்டும்தான் மாறும் என்று நினைத்திருக்கிறார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? வந்த வரிசை அழிந்துபோய், ஆங்கில அகர வரிசையில் ஏலம் நடந்தது.

அன்று முதலில் வந்தது சேவியர் அண்ணன் என்ற மீனவரின் படகுதான். ஆனால் ஆங்கிலத்தில் அவர் பெயர் 'எக்ஸ்'ஸில் தொடங்குகிறது...

"மோளே, விடியதுக்கு முன்ன வந்தது நானாக்கும். பின்ன எப்படி கடைசி ஆச்சு? ஐஸ் எல்லாம் உருகிப் போச்சு. நல்ல சாளை மீனு... உரத்துக்காக்கும் கொடுத்தேன்."

சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். நான் என்ன சொல்வது? 'பெயர் சரியில்லை அண்ணா' என்றா?

மறுநாளே சங்கரன் சாரிடம் போய் நின்றேன். "இப்பவாவது பெயரைப் பிரிப்போம் சார்."

"இப்ப எப்படிம்மா? மத்த கஸ்டமர் எழுதுன புரோகிராம் எல்லாம் நின்னு போகும். மேனுவல்ல ஒரு எச்சரிக்கை போட்டுரு."

போட்டேன். மேனுவலை யார் படிக்கிறார்கள்? படகுச் சங்கம் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டது. 'சார்ட்' மட்டும் அப்படியே இருக்கிறது... இனி எப்போதும் இருக்கும்.

பெயர் வைக்கும்போது, யோசிக்க நேரமில்லை என்கிறார்கள். மாற்றச் சொன்னால், நேரம் கடந்துவிட்டது என்கிறார்கள். நடுவில் சரியான நாள் ஒன்று இருந்திருக்குமே?

அன்றைக்கு ஆபீஸ் லீவு போல.