தப்பு கேட்ட நேரம்

என் கதை படமாகி டிவியில் வெளியான மறுநாளே பதுளையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். பண்டாரவளையில் பூனாகலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பூனாகலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா போனை எடுக்கவே இல்லை. துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு எதையும் கெட்டதாகவே யோசிக்கத் தெரியும்.

அத்தான் பள்ளத்தில் விழுந்து செத்தபோது, அக்காதான் தள்ளிவிட்டாள் என்று தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதற்காகத்தான் அந்தக் கதையையே எழுதினேன். சந்தேகத்தில் மாட்டிய மனைவி அதில் பொலிசிடம் சொல்வாள்: "தப்பு கேட்டப்ப நான் பெரட்டுக் களத்துல நின்னேன்." எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட இன்னும் தப்புதான் அடிக்கிறார்கள். அந்த மேளம் கேட்டதும் களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அத்தான் விழுந்ததும் அந்த நேரத்தில்தான். அந்த ஒரு வரியில் அவள் தப்பித்துவிடுவாள்.

படம் எடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். தப்பு என்றால் அவர்களுக்குக் குற்றம் மட்டும்தான். வரியில் ஏதோ பிழை என்று திருத்திவிட்டார்கள். திரையில் அந்தப் பெண், "தப்புதான், நான் அங்கதான் நின்னேன்" என்று ஒப்புக்கொண்டு அழுதாள். இயக்குநரிடம் போனில் கத்தினேன். கடைசிக் காட்சிக்குத்தான் நல்ல பேர் கிடைத்திருக்கிறது என்றார்.

நான் போனபோது அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். படத்தை லயமே கூடி உட்கார்ந்து பார்த்ததாம். புத்தகத்தில் அப்படி இல்லை, அதில் நீ தப்பித்துவிடுகிறாய் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன்.

"புஸ்தகத்த யாரு தம்பி படிச்சா? படத்த எல்லாரும் பாத்துட்டாங்க."

மறுநாள் விடியும்போது தப்பு அடித்தது. அக்கா கூடையை எடுத்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கூடவே போனேன். களத்தில் அவள் போய் நின்றதும் இரண்டு பக்கமும் பெண்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று அக்கா சத்தமாகச் சொன்னாள்.

அத்தான் செத்த அன்றைக்கும் அவள் பக்கத்தில் நின்றவர்கள் இவர்கள்தான்.