நூறு பவுண்டு

பெட்ரோல் பங்க்கில் என் கார் டயருக்குக் காற்று பிடித்தவர், "முப்பத்திரெண்டு பவுண்டு வெச்சிருக்கேன் மேடம்" என்றார். பின் சீட்டில் சாய்ந்திருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரகடத்து வீடு ஞாபகம் வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டினார். எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டையில் எண்ணெய் வாடை போகாது. ஒரு சாயங்காலம், கூட வேலை பார்க்கும் திருநெல்வேலி முருகன் வாசலில் வந்து நின்று, தெரியாததைக் கேட்கிற வெட்கத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, புது மீட்டர் ஏழு கிலோன்னு காட்டுது. சூப்பர்வைசர் பவுண்டுல கேக்காரு."

"ஏழு கிலோன்னா நூறு பவுண்டு. மாத்திக் குட்த்துடு" என்றார் அப்பா.

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது நூறு பவுன் என்று கேட்டுவிட்டது. ஊரில் கம்பெனிகளுக்கு நிலம் விற்றவர்கள் எல்லோரும் நகை வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

"யாருக்குய்யா நூறு பவுனு? ஏழு கிலோ இன்னாத்த குட்த்து மாத்தற?"

"காத்துடி. காத்தோட அழுத்தத்த கிலோலயும் சொல்லுவாங்க, பவுண்டுலயும் சொல்லுவாங்க."

"காத்த எவனாச்சும் எடை போடுவானா? யார் காதுல பூ சுத்தற?"

மறுநாள் அப்பா, கிலோவுக்கும் பவுண்டுக்குமாக இரண்டு வரிசை எண்கள் போட்ட பழைய மீட்டரையே கொண்டுவந்து காட்டினார். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லியே" என்றாள் அம்மா.

அன்று அப்பாவுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் போன அவளுடைய மூன்று பவுன் சங்கிலி, அப்பா காலமான பிறகுதான் வெளியே வந்தது.

நான் வண்டியைக் கிளப்பப் போனேன். அம்மா என் தோளைத் தொட்டாள்.

"அந்த ஆளும் காத்துக்குப் பவுண்டுன்றான். உங்கப்பாவத் தெரியுமான்னு கேளு."