எருமப்பட்டிக்குச் சனியைக் காட்டப் போனேன்

தை மாதக் கடைசியில் நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு, மூன்று அங்குலத் தூரதரிசினிக் குழாய் ஒன்றைச் சுமந்தபடி எருமப்பட்டிப் பக்கம் போய் வந்தேன். காரணம் ஒரு தபால் கார்டு. சூரியப் புள்ளிகளைப் பற்றி நான் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, சேரிகளுக்காகச் சர்க்கார் நடத்தும் லேபர் ஸ்கூல் ஒன்றின் வாத்தியார், பழனி என்பவர், எழுதியிருந்தார்: "எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் சேரிப் பிள்ளைகள். உங்கள் குழாயில் இவர்களும் பார்க்கலாமா, அல்லது அதற்கும் ஏதாவது பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டுமா?"

இப்படிக் கேட்டால் யாரால் சும்மா இருக்க முடியும்?

நான் சென்னையில் ஒரு காலேஜில் வான சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்பு. மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் காலையில் குழாய் வழியாகச் சூரியனை ஒரு வெள்ளைக் காகிதத்தில் விழவைத்து, அதில் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து எண்ணுவது. மூன்று வருஷமாக இதைச் செய்கிறேன். பேராசிரியரிடம் லீவு கேட்டபோது, "ஆராய்ச்சிக்காரனுக்கு ஊர் சுற்றுகிற வேலை எதற்கு? கட்டுரையை முடி. அடுத்த வருஷம் உத்தியோகம் நிரந்தரமாகும்" என்றார். சூரியன் எருமப்பட்டியிலும் உதிக்கிறது, அங்கிருந்தே வரைகிறேன் என்றேன். முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்படிப் புறப்பட நினைப்பவர்களுக்காகச் செலவையும் தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலிலிருந்து சேலம் ஜங்ஷன் 207 மைல், மூன்றாம் வகுப்பு நாலே முக்கால் ரூபாய். குழாய்ப் பெட்டி இருபத்திரண்டு பவுண்டு. அதைப் பலகைக்கு மேல் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் போனேன், கால் மரத்துப்போனது. காலை ஐந்தே முக்காலுக்குச் சேலம். ஜட்கா பிடித்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், சூரியனுக்காகக் கெட்டி வெள்ளைக் காகிதம் தேடினேன். யுத்தம் முடிந்தும் காகிதத்துக்குப் பஞ்சம் தீரவில்லை. மளிகை மொத்தக் கடைகளும் ஜவுளிக் கடைகளுமாக நெருங்கிய சந்தில் அரை மணி அலைந்து, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் ஒருவரிடம் நான்கு தாள் வாங்கினேன். ஆறணா. பகல் கொள்ளை.

ஒன்பது மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது. நாமக்கல்லுக்கு ஒரு ரூபாய் இரண்டணா, பெட்டிக்குத் தனியாக நாலணா. பெட்ரோலுக்கு இன்னும் கூப்பன்தான். அதனால் பஸ் கரியில் ஓடுகிறது. பின்னால் ஒரு அடுப்பு. அதில் கரியைப் போட்டு ஊத ஊதத்தான் வண்டி நகரும். பன்னிரண்டு மைலில் ஆட்டையாம்பட்டி. அங்கே அடுப்பைக் கிளறுவதற்காக முக்கால் மணி நின்றார்கள். தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. காபிக் கடையில் எனக்குப் பித்தளை டம்ளரில் காபி. பின்பக்கம் குத்துக்காலிட்டிருந்த இருவருக்குக் கொட்டாங்குச்சியில் உயர இருந்து ஊற்றினார்கள். நான் பார்த்தேன், குடித்தேன், காசைக் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நடந்ததைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள்.

நாமக்கல்லில் வேறு பஸ், ஒன்பது மைல், எருமப்பட்டி. மூன்று மணிக்கு இறங்கினேன். பழனி வாத்தியார் நின்றிருந்தார். முப்பது வயது, ஒல்லி, வெளுத்த கதர்ச் சட்டை. அவரும் அதே சேரியில் பிறந்தவர்தான். சேலத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். அவருக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட மாட்டு வண்டி.

"பெரியதோட்டத்துக் கவுண்டர் அனுப்பியிருக்காருங்க சார்" என்றார் வாத்தியார். "நீங்க வர்றது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அவர் களத்துல வெச்சுக் காட்டணுமாம். புள்ளைங்களும் அங்கேயே வரட்டும்னு சொல்லிட்டாரு."

நல்ல மனிதராக இருக்கிறாரே என்று நினைத்தேன். வண்டியில் ஏறினேன். வாத்தியார் ஏறவில்லை. தோட்டம் வரை மூன்று மைலும் பின்னாலேயே நடந்து வந்தார். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கவுண்டருக்கு ஐம்பது வயது இருக்கும். சோளமும் கடலையும் விளையும் எண்பது ஏக்கர். அந்தச் சேரியில் பாதிப் பேர் அவருடைய பண்ணையில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் வாயில் அவர் 'பண்ணாடி'. "வாங்க தம்பி, வாங்க. சனியக் காட்டுவீங்களாமா? எனக்கு ஏழரை நடக்குதுங்க. ரெண்டு வருசம் போச்சு, இன்னும் அஞ்சரை கெடக்குது. என்னையப் போட்டு இந்தப் பாடு படுத்தறவன் மூஞ்சிய ஒருக்காப் பாத்துப்போடோணும்" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதையும் மறைக்கவில்லை.

களம் அருமையான இடம். மெழுகிய சமதளம், வடக்கே கொல்லிமலை, கிழக்கு முழுக்கத் திறந்த வானம். ஆறரைக்குக் குழாயை நிறுத்தினேன். வளர்பிறை நிலா மேற்கே இருந்தது. கவுண்டர் வீட்டுப் பெண்களும் பங்காளிகளும் வரிசையாகப் பார்த்தார்கள். சனி இன்னும் கொஞ்சம் மேலே ஏறட்டும் என்று கவுண்டர் காத்திருந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கிளுவை வேலிக்கு அப்பால் நின்றிருந்தார்கள். தலையில் எண்ணெய் தடவி, படிய வாரி, துவைத்த துணி கட்டி வந்திருந்தார்கள்.

"பிள்ளைகளே, வாங்க" என்றேன். யாரும் அசையவில்லை.

கவுண்டர் என் காதருகே வந்தார். கோபமே இல்லை, யோசனை சொல்கிற குரல். "ஏனுங்க தம்பி, எங்கூட்டுப் பொம்பளைங்க கண்ணு வெச்ச எடமில்லீங்களா அது? உங்ககிட்ட ரெண்டு கண்ணாடி இருக்குதுங்கறாங்க. ஒன்ன அவங்களுக்குன்னு ஒதுக்கிப்போடுங்க. தோட்டத்துப் பக்கம் வெச்சுக் காட்டுங்க. அவங்களும் பாத்த மாதிரி ஆச்சு."

குழாயின் நுனியில் செருகும் சின்னக் கண்ணாடிகள் என்னிடம் இரண்டு இருந்தது உண்மை. ஒன்று நாற்பது மடங்கு பெரிதாக்கும், மற்றது எண்பது மடங்கு. நாற்பதில் சனியின் வளையம் ஒழுங்காகத் தெரியாது, காது முளைத்த உருண்டை மாதிரி இருக்கும். "எதை அவர்களுக்குக் கொடுப்பது?" என்று கேட்டேன்.

"சின்னதத்தான்" என்றார், இது என்ன கேள்வி என்பது போல.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கொட்டாங்குச்சியை ஆகாயத்துக்கும் கொண்டுபோகிறீர்களா என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான். குழாயைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கவுண்டர் முகம் சுருங்கிப்போய் வீட்டுக்குள் போனார். சனியை அவரும் பார்க்கவில்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் திரும்பி நடந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் வாத்தியாரிடமிருந்து பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"சார், உங்க கோவத்தக் காட்டறதுக்கு எங்க புள்ளைங்கதான் கெடச்சாங்களா?" என்றார். "சின்னக் கண்ணாடியோ பெரிய கண்ணாடியோ, நாலு நாளாத் தூங்காமக் காத்துக்கெடந்தாங்க. நீங்க நாளைக்குப் பதினோரு மணி பஸ்ஸுல போயிருவீங்க. இவங்க அப்பன் ஆத்தா சோளம் அடிக்க அதே களத்துக்குத்தான் போகோணும்."

"அப்படியானால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்ங்கறேன்."

மரியாதைக்காகப் பிள்ளைகளின் கண்ணைப் பறித்தவன் நான். இரண்டாம் தரக் கண்ணாடி அவமானம்தான். ஆனால் அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் வாத்தியார். சென்னையிலிருந்து நாலே முக்கால் ரூபாய் டிக்கெட்டில் வந்தவன் அல்ல.

அன்று பள்ளிக்கூடத்திலேயே படுத்தேன். ஓலைக் கூரை, மண் தரை, ஒரு கரும்பலகை. காலை எட்டு மணிக்கு வாசலில் குழாயை நிறுத்தினேன். பிள்ளைகளுக்காக அல்ல. மூன்று வருஷப் பதிவில் பிரயாணத்தால் முந்தைய நாள் விடுபட்டது போதும், அவ்வளவுதான். குழாயைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு அடி தள்ளி வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன். தட்டு அளவில் சூரியன் வந்து விழுந்தது. ஒரு வாரமாக ஓரத்திலிருந்து நகர்ந்து வந்த கரும்புள்ளிக் கூட்டம் இப்போது நடுவில் இருந்தது, மூன்று வருஷத்தில் நான் கண்டவற்றிலெல்லாம் பெரியது.

முதலில் செல்லி வந்தாள். மூன்றாம் வகுப்பு, பத்து வயது. பிறகு எல்லாரும் வந்தார்கள். காகிதத்தில் பார்க்க யாரும் எதிலும் கண் வைக்கத் தேவையில்லை. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். காகிதம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் செல்லியிடம் பென்சிலைக் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளிகளின் ஓரத்தை அப்படியே வரைந்தாள். களத்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்றார்கள். தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த கவுண்டரின் வண்டியும் நின்றது.

அவர் இறங்கி வந்து கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சூரியனுக்கே அம்மை போட்டிருக்குதா?"

செல்லி சொன்னாள்: "அம்மை இல்லீங்க பண்ணாடி. அந்தக் கருப்புல நம்ம பூமி பத்தப் போட்டாலும் கொள்ளுமாமுங்க."

கவுண்டர் என்னைப் பார்த்தார். "சாயங்காலம் சனி உண்டுங்களா?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். இந்தத் தடவை அவர்தான் சொன்னார்: "உண்டுங்க. இந்த வாசல்லதான். ஒரே கண்ணாடிதானுங்க."

பதினோரு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். பிள்ளைகள் பகலெல்லாம் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒரு ஆள் ஐம்பது எண்ணும் வரைதான் பார்க்கலாம், எண்ணுவது செல்லி. இருட்டியதும் எண்பது மடங்குக் கண்ணாடியைச் செருகினேன். முதல் பையன் கண் வைத்ததும், "சார், குழாய்க்குள்ள ஒட்டி வெச்சிருக்கீங்களா?" என்றான். வளையம் அத்தனை துல்லியம். குழாயை லேசாகத் தட்டினேன். சனி நடுங்குவதைக் கண்ட பிறகுதான் நம்பினான். முப்பத்தெட்டுப் பேர், பிறகு அவர்கள் தாய் தகப்பன்மார், வாத்தியார். வாத்தியார் ஐம்பதுக்கு முன்பே தலையை எடுத்துவிட்டு ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினார்.

ஏழரை மணிக்கு ஒரு லாந்தர் வந்தது, அதன் பின்னால் கவுண்டர். கூட்டம் விலகிக் குழாயைச் சுற்றி ஒரு வட்டமே காலியானது.

"கண்ணாடியத் தொடச்சுக் குடுங்க தம்பி" என்றார்.

"துணியால் துடைத்தால் கீறல் விழும். என் பேராசிரியரே வந்தாலும் துடைத்துக் கொடுக்க மாட்டேன்." இது சத்தியமான உண்மை. உண்மையைச் சொல்வதில் இத்தனை சந்தோஷம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

கவுண்டர் வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தார். விலகி நின்றவர்களைப் பார்த்தார். லாந்தரை வைத்திருந்தவனைத் தெருவுக்குப் போகச் சொன்னார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்தார்.

செல்லி எண்ணத் தொடங்கினாள். யாரோ அவளைக் கிள்ளினார்கள், நிறுத்தவில்லை. முப்பதில் கவுண்டர், "இத்துணூண்டா இருக்கறான்! இவனா!" என்றார். கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது.

"அம்பது ஆச்சுங்க பண்ணாடி" என்றாள் செல்லி.

"ஏய், வாய மூடு புள்ள!" என்று அவள் தாய் பதறினாள்.

கவுண்டர் கண்ணை எடுக்காமலே, "இன்னொரு பத்து எண்ணு சாமி" என்றார். இந்தப் பக்கத்தில் தங்கள் வீட்டுக் குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் தெரிந்து சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. செல்லி நிதானமாகப் பத்து எண்ணினாள்.

மறுநாள் காலையில் அவர் தீட்டுப் போகத் தலை முழுகினார் என்று கேள்வி. முழுகட்டும். சேரியில் கூலி உயரவில்லை, ஓலைக் கூரை ஒழுகுவது நிற்கவில்லை. ஒரு மாலை நேரத்துக் காட்சியால் அதெல்லாம் மாறும் என்று நான் சொன்னால் என்னை நம்பாதீர்கள். செல்லி வரைந்த சூரியனைப் பேராசிரியர் அளவுகோல் வைத்து அளந்தார். "சரியாக இருக்கிறது. யார் வரைந்தது?" என்றார். சொன்னேன். கீழே வரைந்தவர் பெயரை எழுதச் சொல்லி, பதிவில் சேர்த்தார். வாத்தியார் இப்போது ஒரு மூக்குக் கண்ணாடிச் சில்லையும் அட்டைக் குழாயையும் வைத்துப் பள்ளிக்கூடத்தில் சூரியனை விழவைத்துப் பார்க்கிறாராம். அந்த வரைபடங்கள் சனிக்கிழமைதோறும் எனக்குத் தபாலில் வருகின்றன. முதல் இரண்டு படங்களும் தலைகீழாக இருந்தன. இப்போது சரியாகிவிட்டன.

போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். வானம் தெளிவு, களங்களில் ஆள் நடமாட்டம் உண்டு. சூரியனைக் குழாயில் கண் வைத்து யாரும் பார்க்க விடாதீர்கள், கண் போய்விடும், காகிதம்தான். மொத்தச் செலவு எனக்குப் பதினைந்து ரூபாய்க்குள் முடிந்தது. கண்ணாடி எத்தனை வைத்திருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள்.

கடைசி யோசனை என்னுடையது அல்ல. எருமப்பட்டியில் பஸ் புறப்படும்போது பழனி வாத்தியார் ஜன்னலருகே வந்து சொன்னது:

"அடுத்த தடவை கார்டு போடாம வந்துருங்க சார். கார்டு போட்டா பண்ணாடி வண்டி அனுப்பிருவாரு. நாம மூணு மைலும் பேசிக்கிட்டே நடந்து போகலாம்."