நான் டைப் அடித்த தீவிரவாதி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில், ஒரு டீக்கடையை ஒட்டி என் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. திங்கட்கிழமை மனு நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். இந்த வரிசையில் மனு டைப் அடிக்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். என்னைப் போல ஒரு மனு அவர்களில் ஒருவருக்கும் அடிக்க வராது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

என்ன அப்படி ஒரு திறமை என்றால், மசாலா சேர்ப்பதுதான். பக்கத்து வீட்டு மாடு வயலில் இறங்கிவிட்டது என்று ஒருவர் வந்தால், 'திட்டமிட்டு மாட்டை ஏவிவிட்டு' என்று அடிப்பேன். வரப்புத் தகராறு என்றால் 'கொலைவெறியுடன்' கட்டாயம் உண்டு. தெருவில் நாலு பேர் சத்தம் போட்டிருந்தால் 'பொதுமக்கள் மத்தியில் பீதியைக் கிளப்பி' என்று ஒரு வரி தானாக விழுந்துவிடும். நடந்ததை நடந்தபடி எழுதினால் அந்த மனு ஃபைல் கட்டின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது என் அனுபவம். எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

சில வருஷத்துக்கு முன்பு, ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள், மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிரிவலப் பாதையில் இளநீரும் மோரும் விற்கிறவள். முகமெல்லாம் கரி. புடவை முந்தானையில் பெரிய ஓட்டை. அன்று காலை அவள் கடைப் பக்கமாக ஒரு சாவு ஊர்வலம் போயிருக்கிறது. எங்கள் பக்கம் சாவு என்றால் மேளமும் பூவும் சரவெடியும் இல்லாமல் பிணம் தெருவைத் தாண்டாது. செத்தவருக்குத் தம்பி மகன், ஆட்டோ ஓட்டுகிறவன், ஒரு நீளமான சரத்தைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டே ஆடியிருக்கிறான். கை சுட்டதும் உதறினான். அது போய் இளநீர்க்காரியின் கீற்றுக் கொட்டகை மேல் விழுந்தது. பௌர்ணமிக்காக இறக்கி வைத்திருந்த அத்தனை சரக்கோடும் கொட்டகை எரிந்து போனது. மோர் குடித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவருக்குக் காலில் தீக்காயம்.

"அவன உடக்கூடாதுக்கா. நல்லா ஸ்ட்ராங்கா எழுது" என்றாள்.

எனக்கும் கோபம் பொங்கியது. சாவு ஊர்வலத்தில் வெடியை வண்டிகளுக்கு நடுவே வீசுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒருமுறை என் ஸ்கூட்டியின் காலடியிலேயே ஒன்று வெடித்து, காது இரண்டு நாள் கேட்கவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அடித்தேன். 'நாசவேலை செய்யும் நோக்கத்துடன்', 'பயங்கர வெடிபொருளை வீசி', 'ஆன்மிக பக்தர்கள் கூடும் இடத்தில் பெரும் பீதியையும் அச்சத்தையும் உண்டாக்கி'. படித்துக் காட்டினேன். இளநீர்க்காரி வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "இவ்ளோ நடந்துச்சுன்னு எனக்கே தெரியாதுக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நான் பெருமையாகச் சிரித்தேன். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு சின்ன வயசுப் பெண் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். எஃப்.ஐ.ஆர். நகல், ஐந்து செட் வேண்டும், வக்கீலுக்கு. கண்ணாடியின் மேல் தாளைக் கவிழ்க்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. 'நாசவேலை செய்யும் நோக்கத்துடன்'. எடுத்துப் படித்தேன். என் மனுவை அப்படியே, ஒரு கால்புள்ளி மாறாமல், இறக்கி வைத்திருந்தார்கள். மேலே சட்டப் பிரிவுகள் இருந்த இடத்தில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்தது.

"எங்க ஊட்டுக்காரரு மேல கேஸுக்கா" என்றாள் அந்தப் பெண். "பெரியப்பா சாவுல பட்டாசு கொளுத்தினாரு. தீவிரவாதின்னு போட்டு உள்ள வெச்சுட்டாங்க. ஜாமீனே கிடைக்காதாம். குற்றப்பத்திரிகை போடவே மாசக்கணக்குல ஆவுமாம். ஆட்டோ சும்மா நிக்குது, தெருவுல யாரும் எங்கூட பேசறதில்ல."

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறைத்திருக்கலாம், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்கிற வாய் இல்லை. "இத டைப் அடிச்சது நான்தாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. கம்ப்யூட்டரைக் கை காட்டினாள். "அப்போ நீங்களே மாத்தி அடிச்சுக் குடுங்க" என்றாள். என் கன்னத்தில் அவள் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். இளநீர்க்காரி புதுக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "கிடக்கட்டும் உள்ளயே. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே கிடக்கட்டும்" என்றாள், ஏணியிலிருந்து இறங்காமலே. எந்தச் சட்டம் என்று விளக்கினேன். டிவியில் காட்டுகிற குண்டு வைக்கிற ஆட்களுக்குப் போடுகிற சட்டம் என்றேன். அப்போதுதான் இறங்கினாள்.

"அவனா? யக்கா, அந்த லூசு கொட்டகை பத்திக்கினதும் தலையில கைய வெச்சுக்கினு 'ஐயோ ஐயோ'ன்னான். மொதல்ல தண்ணி ஊத்துனவனே அவந்தான். அவன் கையும் வெந்துபோச்சு. அவனப் போயா தீவிரவாதின்னாங்க?"

"நாமதாண்டி சொன்னோம்" என்றேன்.

இளநீர்க்காரி ஏணியில் சாய்ந்து யோசித்தாள். "எனக்குக் கேஸு வேணும். அத உட மாட்டேன். ஆனா அவன் செஞ்சதுக்கு கேஸு. செய்யாததுக்கு எதுக்கு?"

எத்தனையோ வக்கீல்களின் வாதங்களை டைப் அடித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே கடைக்கு வந்து என் வாழ்க்கையிலேயே சின்னதான மனுவை அடித்தேன். ஐந்தே வரி. சரவெடியைக் கொளுத்தினார், கவனமில்லாமல் உதறினார், என் கொட்டகை எரிந்தது, ஒருவருக்குக் காலில் காயம், அதற்குரிய தண்டனை கொடுங்கள். ஒரு மசாலாவும் இல்லாமல் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. விரல்கள் தாமாகவே 'திட்டமிட்டு' பக்கம் ஓடின.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும், நான், இளநீர்க்காரி, அந்த ஆட்டோக்காரன் மனைவி, விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனோம். எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மனிதர் கெட்டவர் இல்லை.

"இன்னாம்மா வெளயாட்டு இது? பீதின்னு எழுதினது நீங்கதான? பௌர்ணமிக் கூட்டம், கிரிவலப் பாதை, வெடி. நாளைக்கு ஏதாவது ஆனா என் சட்டையத்தான் புடிப்பாங்க. சின்ன செக்ஷன் போட்டா மறுநாளே ஜாமீன்ல வந்து அடுத்த சாவுல வெடிக்கிறானுங்க. ஒருத்தனுக்காவது பயம் இருக்குதா? இவன ஒரு வருஷம் உள்ள வெச்சா, ஊர்ல ஒரு பய பட்டாசு தொட மாட்டான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசி முடித்தபோது என் தலை பாதி ஆடிவிட்டது. என் காதில் வெடித்தவனையும் இப்படி வைத்திருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். ஊரைப் பயமுறுத்துகிறவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் என்றால், இப்போது ஊரைப் பயமுறுத்தப் பார்ப்பது யார், அந்த முட்டாளா, நாமா? அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "சார், சின்ன செக்ஷனுக்கு யாரும் பயப்படலன்னா, அத ஒழுங்கா நடத்துங்க. கேஸ முடிச்சுத் தண்டனை வாங்கிக் குடுங்க. அத உட்டுட்டு, கொசு அடிக்கறதுக்கு வீட்டயே இடிப்பீங்களா?"

"கோர்ட்ல சொல்லுங்க" என்றார். மனுவை மட்டும் வாங்கி முத்திரை போட்டார்.

சரி, கோர்ட்டிலேயே சொல்லுவோம் என்று கிளம்பினோம். ஜாமீன் விசாரணை நாளில் முதல் ஆளாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். அரசு வக்கீல் எழுந்து என் முதல் மனுவைப் படித்தார். ஏற்ற இறக்கத்தோடு, கை வீசி, அவ்வளவு அழகாகப் படித்தார். அத்தனையும் என் வரிகள். எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. புகார்தாரர் பீதியில் உறைந்துபோயிருந்தார் என்று அவர் முடித்ததும் இளநீர்க்காரி தானாகவே எழுந்து நின்றுவிட்டாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் நீதிபதி.

"நாந்தாங்க ஐயா கொட்டகைக்காரி."

"கொட்டகை எரிஞ்சப்போ பீதியில இருந்தீங்களா?"

"பீதியா? இல்லீங்க ஐயா. கோவம். பயந்திருந்தா ஓடியிருப்பேன். நான் செருப்பக் கழட்டிக்கினு அவன் மேலதான் ஓடினேன்."

கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்ற ஆட்டோக்காரன்கூட, கட்டுப் போட்ட கையோடு, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நீதிபதி சிரிக்கவில்லை. மனுவை உயர்த்திப் பிடித்து, "அப்போ இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

எழுந்தேன். "நான்தாங்க ஐயா. டைப்பிங் கடை வெச்சிருக்கேன்."

"ஏன் இப்படி எழுதினீங்க?"

"இப்படி எழுதினாத்தாங்க ஐயா எடுத்துப் படிக்கறாங்க."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "படிச்சுட்டாங்கம்மா" என்றார்.

வாழ்நாளில் நான் வாங்கிய அடிகளில் அதுதான் பெரியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஸ்டெனோவிடம் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்கக் கேட்க என் முதுகு நிமிர்ந்தது. கவனக்குறைவு வேறு, பயங்கரவாதம் வேறு. இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனி இடம் இருக்கிறது. நெருப்பு ஒன்றாக இருப்பதால் நோக்கம் ஒன்றாகிவிடாது. இந்தக் குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தாலே நிற்காது. ஜாமீன் கொடுத்தார். போலீஸும் சில வாரங்களில் பிரிவை மாற்றி, வெடியை அஜாக்கிரதையாகக் கையாண்டது, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது என்று சாதாரண வழக்காகக் குற்றப்பத்திரிகை போட்டது. நாங்கள் மூன்று பேரும் டீக்கடையில் நின்று ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம். நான் போருக்குப் போய் ஜெயித்து வந்தவளைப் போலத்தான் நடந்தேன், மறைப்பானேன்.

ஆனாலும் இளநீர்க்காரிக்குத் திருப்தி இல்லை. "தண்டனை எங்கக்கா?" என்று வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வாள். வாய்தா நாள் ஒன்று விடாமல் வந்தாள். ஜாமீனில் வந்தவன் அவளுடைய கொட்டகைக்கு மிச்சக் கீற்றை வேய்ந்து கொடுத்தான். வேய்ந்து முடியும்வரை அவனைத் திட்டித் தீர்த்தாள். முடிந்ததும் மோர் கொடுத்தாள். வழக்கை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன் என்றாள்.

கடைசி நாளும் வந்தது. மாஜிஸ்ட்ரேட் குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். ஆட்டோக்காரன் தெளிவாகச் சொன்னான்: "ஆமாங்க ஐயா. கவனமில்லாம கொளுத்திட்டேன். என் தப்புதான்."

"அப்படிச் சொல்லு!" என்றாள் இளநீர்க்காரி. கோர்ட் ஆள் அவளை அதட்டி உட்கார வைத்தார்.

அபராதம், அதோடு கோர்ட் கலையும்வரை சிறை. அதாவது அன்று சாயங்காலம் நீதிமன்றம் எழுந்துகொள்ளும்வரை அவன் அங்கேயே ஒரு மூலையில் நிற்க வேண்டும். அவன் மனைவிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெருவில் இனி யாராவது கேட்டால், பட்டாசை ஒழுங்காகக் கொளுத்தத் தெரியாதவன் பொண்டாட்டி என்று தலை நிமிர்ந்து சொல்லலாம் அல்லவா? நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் சாயங்காலம்வரை காத்திருந்து, அவன் வெளியே வந்ததும் கைதட்டாத குறையாகச் சூழ்ந்துகொண்டோம். அந்தப் பக்கமாகப் போன ஒரு வக்கீல் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, விடுதலையா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அவன் மனைவி, எங்களை முந்திக்கொண்டு. "தண்டனை!"