பட்டினி போடாத நாய்

ஆராய்ச்சிக்கூடத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் அவரை எல்லோரும் நாய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். அடுத்த பிறவியில் நாயாய்ப் பிறந்தால்தான் இவர் தன்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. கொஞ்சுவதற்கு அவருக்குக் கூண்டுகள்தான் இருந்தன.

அங்கே நடந்த வேலை இதுதான். நாயை மயக்கிப் படுக்கவைத்து ரத்தத்தை வடிப்பார்கள். ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போனதும் அமினோ அமிலம் ஒன்றை ஏற்றி, அழுத்தம் மேலே வருகிறதா என்று பார்ப்பார்கள். நாம் தின்னும் புரதத்தில் இருக்கிற சரக்குதான் அது. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் சுரப்பை உடம்பு அதிலிருந்துதான் செய்துகொள்கிறது. விபத்தில் ரத்தம் கொட்டி வருகிறவர்களைக் காப்பாற்ற உதவுமாம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்கள்? மேசையில் ஏறிய நாய் மட்டும் திரும்பி வராது.

செம்பட்டையின் முறை வந்தது. அவர் கையிலேயே வளர்ந்து பயம் என்பதே தெரியாத நாய். பயப்படாத நாய்க்குத்தான் அழுத்தம் நிலையாக இருக்கும் என்று சோதனையை நடத்தும் டாக்டரம்மா அதைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்சிக் கொஞ்சியே அதன் கழுத்தில் கத்தி வைத்துவிட்டார் மனுஷர்.

அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சோதனைக்குப் போகும் நாயைப் பட்டினி போட வேண்டும் என்பது அங்கே விதி. தின்றதிலிருந்து வரும் அமினோ அமிலம் ரத்தத்தில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும். கணக்குக்கு உதவாத நாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அன்று விடிந்ததும் முட்டையும் இறைச்சியும் வேகவைத்து வந்து, வயிறு முட்ட ஊட்டினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

"தெரியாம முட்டையும் கறியும் குடுத்துட்டேம்மா. இதை விட்டுடுங்க, நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எதுக்கு விடணும்? சாப்பிட்ட நாய் எப்படித் தாங்குதுன்னு நாம பார்த்ததே இல்லையே. பிடிச்சிட்டு வாங்க."

வாலை ஆட்டிக்கொண்டு வந்தது செம்பட்டை. மற்ற நாய்கள் போய்ச்சேரும் கட்டத்தைத் தாண்டியும் அது தாக்குப்பிடித்தது. அழுத்தம் விழும், மருந்து ஏறியதும் எழும். எழுந்ததே என்று மறுபடி வடித்தார்கள். காலையில் அது பிழைக்க வேண்டும் என்று வேண்டியவர், சாயங்காலம் கதவோரம் நின்று அது செத்துத்தொலையக்கூடாதா என்று அழுதார்.

கடைசியில் அது அடங்கியது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"நல்ல வேலை பண்ணீங்க. இனிமே எல்லாத்துக்கும் நீங்களே ஊட்டிடுங்க."

மறுநாள் காலை அவர் கூண்டு கூண்டாகப் போய் ஊட்டினார். எல்லாம் அவர் கையை நக்கி நக்கித் தின்றன.