எட்டடி உயர நத்தார் தாத்தா

கிறிஸ்மஸ் கரோல் பாட வரும்போது நத்தார் தாத்தா வேஷம் போட்டவர் யாரென்று தெரியக்கூடாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுதான் வேடிக்கையே. முகமூடியும் பஞ்சுத் தாடியுமாக ஆடுகிறவரைச் சுற்றி நின்று, "நடைய பாரு, நம்ம லொறி டிரைவரு" என்று லயத்து வரிசை வீட்டுச் சனம் பிடித்துவிடும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் தாத்தாவாகும் ஆசை வந்தது. பிறந்ததிலிருந்தே அவளால் நடக்க முடியாது, பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். பிடிவாதத்தை மட்டும் கர்த்தர் தாராளமாகக் கொடுத்திருந்தார். "ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுப்பா" என்று கட்டளை வேறு. தோட்டத்திலேயே சக்கர நாற்காலியில் போகிற ஒரே ஆள் அவள். முகமூடி போட்டு என்ன பிரயோசனம்?

மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் என் தோளில் உட்காருவாள். சர்ச்சில் கழித்துப்போட்ட சிவப்புத் திரையில் மனைவி தைத்த நீள அங்கி இரண்டு பேரையும் மூடும். உள்ளே எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் என் வலது காதை இழுத்தால் வலப்பக்கம், இடது காதை இழுத்தால் இடப்பக்கம், இரண்டையும் இழுத்தால் நிற்க வேண்டும். கழுதைக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

முதல் வருஷம் சாக்கடைக் கானுக்குள் ஒரு கால் போனது. நாய் ஒன்று அங்கியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு கூடவே வந்தது. தாத்தாவின் தலை வாசல் நிலையில் இடித்தது. அவள் சிரித்த சிரிப்பில் வாய்நீர் என் கழுத்தில் வழிந்தது. ஞானஸ்நானம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அடேயப்பா, யாருங்க இது சவுக்கு மரமாட்டம்!" என்றார்கள். "டயகம பக்கத்து ஆளா இருக்கும்" என்றது இன்னொரு குரல். அவள் சிரிப்பு மலை முழுக்கத் தெரிந்த சிரிப்பு. அதைக் கேட்டும் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. இவ்வளவு மந்தமான சனமா என்று அங்கிக்குள் எனக்கு ஒரே குஷி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் நாங்கள்தான் தாத்தா. தை பிறக்கும்வரை என் கழுத்துக்குத் தைலம்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கர்த்தர் கூப்பிட்டுக்கொண்டார். பரலோகத்தில் இப்போது ஓடி விளையாடுகிறாள் என்றார் பாஸ்டர். நம்புகிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓடத் தெரிந்துவிட்டால் என் தோள் அவளுக்கு எதற்கு?

டிசம்பர் வந்ததும் கரோல் கோஷ்டி அங்கியைக் கேட்டது. தர மாட்டேன் என்று எரிந்து விழுந்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தங்கச்சியிடமும் பெருமையாகச் சொன்னேன்: "அந்தத் தாத்தா யாருன்னு கடைசிவரைக்கும் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அது அப்பிடியே இருக்கட்டும்."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போங்கண்ணே! மொத வருசமே பாப்பா காம்பரா காம்பராவா வந்து சொல்லிருச்சு. 'நாந்தான் தாத்தா. தெரியாத மாதிரியே இருங்க. அப்பா ரொம்பப் பாடுபடுறாரு, பாவம்'னுச்சு."

அப்படியானால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது யார்? மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அவசரமாக அரிசி களையத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் அங்கியையும் முகமூடியையும் நானே மாட்டிக்கொண்டு கரோல் கோஷ்டியோடு கிளம்பினேன். பாதி அங்கி தரையில் புரண்டது. முதல் வாசலே அந்தத் தங்கச்சியின் வாசல். அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடடே, யாரு இந்தத் தாத்தா? போன வருசம் வந்தவரு நல்ல ஒசரமால்ல இருந்தாரு!"

"தெரியலியே" என்றது லயம் முழுவதும்.

என் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் இன்னும் காப்பாற்றுகிறார்கள். முகமூடிக்குள் நன்றாக அழுதேன். காதைப் பிடித்து இழுக்க ஆளில்லாமல், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.