வேண்டுமென்றே சொன்ன தப்பு விடை

போன வாரம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தேன். அவள் உள்ளே தேர்வு எழுத, நான் வெளியே காத்திருந்தேன். புது பெஞ்சுகளுக்கு அடித்த வார்னிஷ் வாடை. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த வாடை பட்டாலே எழுந்து ஓடத் தோன்றும்.

தொண்ணூற்று மூன்றில், விழுப்புரத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியின் அலுவலக அறையிலும் இதே வாடைதான். எனக்கு எட்டு வயது. திண்டிவனத்தில் மூன்றாம் வகுப்பு. எவ்வளவு பெரிய பெருக்கலானாலும், கேட்டு முடிக்கும் முன்பே விடை தலைக்குள் வந்து நிற்கும். எப்படி என்று தெரியாது. சட்டைப் பட்டனை வரிசை மாறாமல் போடவும் தெரியாதுதான். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. "இந்தப் புள்ளைய இங்க வச்சிக்கினு நான் இன்னா சொல்லித் தர்றது? பெரிய ஸ்கூலா பாத்து சேருங்க" என்று அமலி டீச்சர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸோடு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

தலைமையாசிரியர் நாலாம் வகுப்புத் தாளைக் கொடுத்தார். பிறகு ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. எல்லாவற்றையும் போட்டேன். "நேரா ஆறாவதுலயே உக்கார வச்சிடலாம்" என்றார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான், ஆறாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.

அக்காக்கள் என்னை விளையாட்டில் சேர்க்கவில்லை. என் வயதுப் பிள்ளைகள் பயந்து ஒதுங்கினார்கள். பெற்றோர் வரும் ஞாயிறுகளில் என்னை ஸ்டூல் மேல் நிறுத்தி, "எந்த நம்பர் வேணா கேளுங்க" என்பார் தலைமையாசிரியர். விடை சொன்னதும் கைதட்டுவார்கள். இறங்கலாமா என்று கேட்டால், "இன்னும் ஒண்ணு." அங்கிருந்து மதிலுக்கு மேலே திண்டிவனம் போகும் பஸ்ஸின் கூரை மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு, முப்பத்தேழை நாற்பத்தெட்டால் பெருக்கச் சொன்னார்கள். ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு வந்து நின்றது. "தெரியல சார்" என்றேன். அடுத்ததற்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே. அப்பாவுக்குக் கடிதம் போயிற்று.

வந்தவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வேணும்னே தப்பா சொல்றியா பாப்பா? அப்பா அடிக்க மாட்டேன்."

"நெஜமாவே தெரியலப்பா."

வரிசை மாறியிருந்த என் சட்டைப் பட்டன்களைச் சரியாகப் போட்டுவிட்டார். "செரி வா, ஊட்டுக்குப் போலாம்" என்று பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பழைய பள்ளியில் நன்றாகக் கணக்குப் போட்டால் மறுபடியும் விழுப்புரம்தானே? நூற்றுக்கு அறுபதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். சரியான விடை கண்ணெதிரே நிற்க, வேறொன்றை எழுதுவது லேசான வேலையில்லை. அமலி டீச்சர் என் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மதிப்பெண்ணைச் சுழித்துத் தாளை நீட்டுவார். அப்பா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், "சின்னதுல சூப்பரா போட்டுக்கினு இருந்துச்சி, யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்பார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சொன்னால் அவர் மனசு உடையும். சொல்லாவிட்டாலும் அதே கதைதான்.

ஒன்பதாவது வந்தபோது பயம் விட்டுப்போயிற்று. இனி ஒளிக்க வேண்டாம் என்று ஒரு பெரிய பெருக்கலை எழுதிவைத்துக் காத்திருந்தேன். விடை வரவில்லை. எல்லாரையும்போல ஒவ்வொரு வரியாக எழுதித்தான் போட்டேன். அதிலும் ஒரு தப்பு. இந்த முறை நிஜமான தப்பு.

அப்பா போய்ச் சில வருஷமாகிறது. அன்றைக்கு என் பொய்யை நம்பினாரா, நம்பியதாகக் காட்டிக்கொண்டாரா, நான் கேட்கவே இல்லை. தலைக்குள் இருந்து விடை சொல்லிக்கொண்டிருந்த அதுவும் என்றைக்குப் போனதோ, தெரியவில்லை. எத்தனையோ முறை அதை மறைத்து நான் பொய் சொன்னேன். அது பாட்டுக்குச் சரியான விடையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.